அவளிடமே கேளுங்கள்



 இந்த வாரச் சிந்தனைக்கு முன்பாக எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தின் முதல் பதினொரு வசனங்களை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் வந்து நிற்கிறார்கள். எதிரே மோசே இருக்கிறார். ஆசாரியனும் பிரபுக்களும் சபையார் அனைவரும் இருக்கிறார்கள். தகப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லை என்பதற்காக எங்கள் பங்கு ஏன் அற்றுப்போக வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். மோசே அவர்களை அதட்டவில்லை, தாமாகத் தீர்ப்பும் சொல்லவில்லை. அந்த வழக்கைக் கர்த்தரிடம் கொண்டுபோகிறார். அந்தப் பெண்கள் கேட்பது நியாயம் என்று கர்த்தர் பதில் தருகிறார்.

இப்பகுதியை வாசிக்கும்போதெல்லாம் 1909ஆம் ஆண்டு லண்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சி என் நினைவுக்கு வருவதுண்டு. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல், அந்தச் செப்டம்பர் மாதத்தில் கிறிஸ்டல் பேலஸ் என்னும் இடத்தில் சிறுவர்களின் பெருந்திரள் அணிவகுப்பை நடத்தினார். அழைக்கப்பட்டவர்கள் சிறுவர்கள் மட்டுமே. ஆயினும் தாங்களே ஆயத்தம் செய்துகொண்ட சீருடையில் சில சிறுமிகளும் அங்கே வந்து நின்றார்கள். தாங்களும் சாரணர்களே என்றார்கள். அவர்களை விரட்டிவிட்டிருக்கலாம். அப்படி நடக்கவில்லை. அடுத்த ஆண்டே அவருடைய சகோதரி ஆக்னஸ் பேடன் பவலின் பொறுப்பில் பெண்களுக்கென்று சாரணியர் இயக்கம் உருவாயிற்று. 1911இல் அது இந்தியாவுக்கு வந்தது. ஜபல்பூரில் முதல் படை தொடங்கப்பட்டது. சுதந்திரத்திற்குப் பின் 1950இல் பாரத சாரணர் இயக்கம் அமைந்தது. 1951இல் சாரணியர் சங்கமும் அதனுடன் இணைந்து, இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் காணும் பாரத சாரண சாரணியர் இயக்கம் ஆயிற்று.

இதை இப்பொழுது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் நம் சபையைச் சேர்ந்த ஒரு தகப்பனார் மடித்த தாள் ஒன்றுடன் என்னைப் பார்க்க வந்தார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் சாரணியர் முகாமுக்குத் தெரிவு செய்யப்பட்டிருந்தாள். அந்தத் தாள், பெற்றோர் கையொப்பமிட வேண்டிய ஒப்புதல் கடிதம். மறுநாள் காலையில் அதைப் பள்ளியில் கொடுத்தாக வேண்டும்.

"ஐயா, பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனாலும் பெண்பிள்ளை. ஐந்து நாள் வெளியே தங்க வேண்டும் என்கிறார்கள். வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்டுக்கொள்வாள்" என்றார்.

அவருடைய மூத்த மகன் முந்தின ஆண்டு நண்பர்களோடு கொடைக்கானலுக்குப் போய்வந்ததை நான் அறிவேன். அதற்கு யாருடைய கையொப்பமும் கேட்கப்படவில்லை. நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை. "தம்பி, ரெபெக்காளின் வீட்டார் என்ன செய்தார்கள் என்று நினைவிருக்கிறதா?" என்று மட்டும் கேட்டேன். ஆதியாகமம் 24இல் தூரதேசப் பயணத்திற்குப் பிள்ளையை அனுப்பும் கேள்வி எழுந்தபோது, அவர்கள் அவளை அழைத்து அவளிடமே கேட்டார்கள். போகிறேன் என்று அவள் சொன்னாள். "வீட்டுக்குப் போய், அங்கே என்ன செய்யப் போகிறாய் என்று அவளிடமே கேளுங்கள். பிறகு ஜெபித்து முடிவெடுங்கள்" என்று அனுப்பி வைத்தேன்.

அவள் என்ன பதில் சொன்னாளோ, நான் அறியேன். கடிதம் கையொப்பத்துடன் பள்ளிக்குப் போயிற்று. முகாம் முடிந்த அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் அந்தத் தகப்பனார் சிரித்துக்கொண்டே வந்தார். சமையலறைச் சுவரில் மகள் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறாளாம். முகாமில் அணியின் வேலைகள் முறைவைத்து மாறுவதுபோல, வீட்டு வேலைகளையும் நால்வருக்கும் பங்கிட்டு எழுதியிருக்கிறாள். "செவ்வாய்க்கிழமை இரவுப் பாத்திரம் என் பங்கு, ஐயா. அண்ணனுக்கு வியாழன்" என்றார். அவர் மனைவி அருகில் நின்று ஒன்றும் சொல்லாமல் புன்னகைத்தார்.

பிரியமானவர்களே, அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று சிந்தித்துப் பாருங்கள். சாரணியர் படை சிறுசிறு அணிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஓர் அணியில் ஆறு முதல் எட்டுப் பெண்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருத்தியே அணித்தலைவி. கூடாரத்தை எந்த மேட்டில் அடிப்பது, மழை பெய்தால் நீர் ஓட எப்படி வாய்க்கால் வெட்டுவது, விறகுக்கு யார், அடுப்புக்கு யார் என்பதையெல்லாம் அவர்களே பேசித் தீர்மானிக்கிறார்கள். அணித்தலைவிகள் ஒன்றுகூடிப் படையின் காரியங்களை ஆலோசிக்கும் மன்றமும் உண்டு. பொறுப்பாசிரியை அருகில்தான் இருப்பார். ஆனால் அவசரப்பட்டுக் கை நீட்டமாட்டார். ஆயிரம்பேருக்கும் நூறுபேருக்கும் மட்டுமல்லாமல் பத்துப்பேருக்கும் ஒரு தலைவனை ஏற்படுத்தும்படி எத்திரோ மோசேக்குச் சொன்ன ஆலோசனையை யாத்திராகமம் 18இல் வாசிக்கிறோம். பத்துப்பேரை நடத்தக் கற்றவர்களே பின்னாளில் நூறுபேரை நடத்துவார்கள்.

அதே யாத்திராகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் நதியோரத்தில் ஒரு சிறுமி நிற்கிறாள். நாணற்பெட்டியில் தம்பி மிதக்கிறான். அவள் தூரத்திலிருந்து கவனித்துக்கொண்டிருக்கிறாள். பார்வோனின் குமாரத்தி வந்தால் என்ன பேச வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாக வேதம் கூறவில்லை. தருணம் வந்தபோது அவள் முன்னே வந்தாள், பேசினாள், தாயையே செவிலியாக அழைத்து வந்தாள். தயாராய் இருப்பது என்பது சாரணியரின் குறிக்கோள். அதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இரண்டாவது, சேவை. தேவனுக்கும் தேசத்துக்கும் தன் கடமையைச் செய்வதாகவும் பிறருக்கு உதவுவதாகவும் ஒவ்வொரு சாரணியும் உறுதிமொழி எடுக்கிறாள். முதலுதவி, சமையல், நோயாளிகளைப் பராமரித்தல் என ஒவ்வொன்றையும் கற்றுத் தேறித்தான் சின்னங்களைப் பெறுகிறாள். படிப்படியாகத் தேறியவர்களே ஆளுநரின் ராஜ்ய புரஸ்கார் விருதுக்கும், பின்பு குடியரசுத் தலைவர் விருதுக்கும் தகுதி பெறுகிறார்கள்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சீனாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மிஷனரிகளின் பிள்ளைகள் படித்த செஃபூ பள்ளியை ஜப்பானியப் படையினர் கைப்பற்றி, பிள்ளைகளையும் ஆசிரியைகளையும் 1943இல் வெய்சியன் என்னுமிடத்துச் சிறைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஒலிம்பிக் ஓட்டவீரரும் மிஷனரியுமான எரிக் லிடல் தம் இறுதி நாட்களைக் கழித்த முகாம் அதுவே. பெற்றோர் எங்கோ தூரத்தில் இருக்க, அந்தச் சிறுமிகளுக்கு ஆசிரியைகள் சாரணியர் கூட்டங்களை அங்கேயும் தொடர்ந்து நடத்தினார்கள். குளிர்காலத்தில் நிலக்கரித் தூளை மண்ணோடும் நீரோடும் பிசைந்து உருண்டைகளாக்கி அடுப்பெரிப்பதும் அந்தப் பிள்ளைகளின் அன்றாட வேலையாயிற்று. 1945 ஆகஸ்டு 17ஆம் நாள் விடுதலை வரும்வரையில் ஒழுங்கும் பாட்டும் பிறருக்கு உதவும் பழக்கமும் அவர்களைத் தாங்கின. சேவை என்பது வசதியானவர்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்று நாம் எண்ணிவிடுகிறோம். முள்வேலிக்குள் இருந்த சிறுமிகளுக்கோ அதுவே பலமாயிருந்தது.

மூன்றாவது, பயணம். பெற்றோர் அதிகமாய்த் தயங்குவது இதற்குத்தான். 2025 ஜனவரி இறுதியில் நம் மணப்பாறையில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைரவிழாப் பெருமுகாம் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வந்து கூடாரங்களில் தங்கினார்கள். பெண்களுக்கு இன்னும் தூரமான வாசல்களும் திறந்திருக்கின்றன. உலகச் சாரணியர் சங்கத்துக்குச் சுவிட்சர்லாந்தின் அடெல்போடனிலும், மெக்சிகோவின் குவெர்னவாக்காவிலும், லண்டனிலும், நம் நாட்டின் புனே நகரிலும் தங்குமனைகள் உள்ளன. 1966இல் திறக்கப்பட்ட புனே மனையின் பெயர் நமக்குப் பழகிய சொல்தான்: சங்கம். பல நாட்டுப் பெண்கள் அங்கே ஒரே மேசையில் உண்டு, ஒருவர் நாட்டை ஒருவர் அறிந்துகொள்கிறார்கள். பள்ளியை முடித்த பின்பும் திரிசாரணியராக 25 வயதுவரை இயக்கத்தில் தொடரலாம்.

நம் ஆண்டவரின் தாயாகிய மரியாளும் நாசரேத்தூரிலிருந்து யூதேயாவின் மலைநாட்டுக்குப் பயணம் போனவளே என்பதை லூக்கா முதலாம் அதிகாரம் சொல்லுகிறது. அது பல நாள் வழி. எலிசபெத்தின் வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கியிருந்து திரும்பினாள். அந்த வீட்டில்தான் அவளுடைய துதி பிறந்தது.

உங்கள் கேள்விகள் எனக்குத் தெரியும். பாதுகாப்பு குறித்து நீங்கள் அஞ்சுவது அவிசுவாசம் அல்ல. அது பெற்றோரின் கடமை. ஆகவே தயங்காமல் விசாரியுங்கள். உடன் செல்லும் ஆசிரியை யார், எத்தனை பெண்களுக்கு எத்தனை பெரியவர்கள், இரவில் தங்குமிடம் எது, எந்நேரத்தில் யாரைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்று கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் அனுப்ப வேண்டாம். ஆனால் ஒன்றும் விசாரிக்காமலே பெண்பிள்ளை என்ற ஒரே சொல்லால் அந்தத் தாளை மடித்து வைத்துவிடாதிருங்கள்.

முகாமில் நடக்கும் சர்வசமயப் பிரார்த்தனையைக் குறித்தும் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. நாகமானின் வீட்டிலிருந்த இஸ்ரவேல் சிறுமியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்நிய தேசத்தில், வேறு தெய்வத்தை வணங்கிய வீட்டில் இருந்தும் அவளுடைய விசுவாசம் தேய்ந்துபோகவில்லை. தன் எஜமானின் நலனை நாடிய அவளுடைய ஒரு வார்த்தையே அவனை எலிசாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. நம் பிள்ளை தன் விசுவாசத்தோடு போகட்டும். பிறருடைய பக்தியை மதிக்கவும் கற்றுக்கொண்டு வரட்டும்.

சபையாகிய நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நம் பெண்பிள்ளைகளைப் பாடவும் பலிபீடத்துக்குப் பூ வைக்கவும் அழைக்கிறோம். கணக்கேட்டையும் சாவியையும் வாலிபர் முகாமின் திட்டத்தையும் யாரிடம் கொடுக்கிறோம்? நம்பத்தக்கவளாக வளர்ந்த பின் நம்புவோம் என்று காத்திருந்தால், அவள் வளரும் காலம் கடந்துபோகும். நம்பிக் கொடுக்கப்பட்ட சிறு பொறுப்பிலேயே ஒரு பிள்ளை நம்பத்தக்கவளாகிறாள். கொஞ்சத்தில் உண்மையாயிருப்பதைக் குறித்து நம் ஆண்டவர் போதித்ததும் இதுவல்லவா? வரும் விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒரு வகுப்பை முழுமையாகப் பதினைந்து வயதுள்ள நம் பெண்பிள்ளைகள் இருவரின் பொறுப்பில் விட வேண்டுமென்று சபைக்குழுவிடம் கேட்டிருக்கிறேன். பெரியவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்போம்.

இந்த வாரத்தில் உங்கள் வீட்டுப் பெண்பிள்ளையோடு அரைமணி நேரம் அமர்ந்திருங்கள். என்ன கற்க விரும்புகிறாய், எங்கே போக விரும்புகிறாய், யாருக்கு உதவ விரும்புகிறாய் என்று கேளுங்கள். குறுக்கிடாமல் முடியும்வரை கேளுங்கள்.

ஜெபிப்போம். அன்பின் பரலோகப் பிதாவே, வாசலில் நின்று கேட்ட ஐந்து குமாரத்திகளுக்கு நீர் செவிகொடுத்தீர். எங்கள் வீட்டுக் குமாரத்திகளின் குரலைக் கேட்க எங்களுக்கும் செவி தாரும். அவர்கள் போகையிலும் வருகையிலும் அவர்களைக் காத்துக்கொள்ளும். பயத்தினால் நாங்கள் அடைத்த கதவுகளை ஞானத்தோடு திறக்க எங்களுக்குக் கிருபை தாரும். இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.