தட்டிக்குப் பின்னால்

சொல்லச் சொல்லத் தானே எழுதும் தட்டெழுத்துப் பொறியை மக்கள் விரும்புவரா? பொறியைச் செய்து முடித்த பின்னர் இதற்கு விடை காண்பது வீண்செலவு. அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்து ஆய்வாளர் ஜோன் கூல்டும் துணைவரும் 1983இல் வெளியிட்ட ஆய்வில் வேறு வழி கண்டனர். ஒருவர் கடிதத்தை வாயாற் சொல்லுவார். மற்றோர் அறையில் மறைந்திருக்கும் தட்டெழுத்தாளர் அதனைத் தட்டுவார். சொற்கள் பேசுபவர் முன்னுள்ள திரையில் தோன்றும். பொறி அறியாதெனக் கொண்ட சொல்லுக்கு வெறும் எக்ஸ் எழுத்துக்களே தோன்றும். வஞ்சனைதான், ஆயினும் பயனுள்ள வஞ்சனை.

எமது மேல்வகுப்பு மாணவர் நூல்நிலையத்துக்கென ஒரு கணினி வழிகாட்டியைக் கடதாசியில் வரைந்தனர். அதனைச் சோதிக்க நாமே பொறியானோம். தட்டியின் பின்னே ஒளிந்திருந்து, கீழ்வகுப்புப் பிள்ளைகள் நீட்டிய கேள்விச் சீட்டுகளுக்கு, மாணவர் முன்னரே எழுதிவைத்த விடைகளை மட்டுமே கொடுத்தோம். உள்ளிருப்பவர் யாரென்று பிள்ளைகள் அறியார்.

நூலின் பெயரும் ஆசிரியர் பெயருமே வருமென்று எண்ணியிருந்தோம். வந்ததோ, "நீல அட்டை போட்ட புத்தகம் எங்கே?" என்பது. "விளங்கவில்லை" என்ற சீட்டையே நீட்டினோம். இவ்வாறு பலமுறை. உதவிட நா துடித்தது, பொறி பேசலாகாதே!

இறுதியாக ஒரு சீட்டு: "கணக்கு விளங்காதவர்களுக்கு ஏற்ற புத்தகம் உண்டா? சேரிடம் கேட்கப் பயம்."

அவ்வகுப்புக்குக் கணக்குக் கற்பிப்பவர் நாமே. கையெழுத்தும் தெரிந்த கையெழுத்து. "விளங்கவில்லை" என்ற சீட்டு மேசையிற் கிடந்தது. எடுக்கக் கை எழவில்லை.

"பொறி நின்றுபோச்சுது" என்று தட்டிக்கு அப்பால் அவன் யாருக்கோ சொன்னான்.