விலைக்கு வராத கறி

நெல் வயலில் பறவை இறங்கினால் விரட்ட வேண்டும். மன்னார்குடிப் பக்கம் பிறந்த எனக்கு இதில் மாற்றுக் கருத்து இருக்க முடியும் என்றே தோன்றியதில்லை. கதிர் முற்றும் நாட்களில் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வரப்பில் ஓடிய கால்கள் இவை. ஆனால் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் அறுவடை முடிந்த வயலில் வேண்டுமென்றே தண்ணீர் கட்டி, வாத்து வராதா என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கு என்ன கேடு என்றுதான் முதலில் நினைத்தேன்.

லிட்டில் ராக்கில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த டிசம்பரில் என்னை அங்கே இழுத்துப் போனவர் அத்தான். ஊரில் இருந்தவரை தூண்டிலைக்கூடத் தொட்டறியாத மனிதர். அமெரிக்கா போய், முதலில் மீன், பிறகு வாத்து என்று முற்றிவிட்டது. "சுட வேணாம் மாப்ள, சும்மா வந்து பாரு" என்றார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வண்டியில் ஏறினேன். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவது பொறுக்காமல் வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் கலெக்டர் வரை போய், 1798-ல் ஏரிக்குப் பாதுகாப்பு ஆணை வாங்கிய தமிழ்நாட்டிலிருந்து வந்தவன் நான். காசு கட்டி வாத்து சுடும் கூட்டத்தோடு எனக்கு என்ன வேலை? (கோழி பிரியாணிக்கு ஏன் இந்த ஞானம் வருவதில்லை என்று அத்தான் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.)

போய்ச் சேர்ந்த ஊர் ஸ்டுட்கார்ட். ஜெர்மானியக் குடியேறிகள் வைத்த பெயர். ஊர் முழுக்க நெல், இல்லாவிட்டால் வாத்து. அமெரிக்காவில் விளையும் நெல்லில் ஏறக்குறையப் பாதி இந்த மாநிலத்தில்தான். வாத்துபோலக் குரல் கொடுக்கும் உலகப் போட்டியை 1936-லிருந்து இங்கே நடத்துகிறார்கள். முதல் போட்டிக்குப் பரிசு, 6 டாலர் 60 சென்ட் பெறுமான ஒரு வேட்டைக் கோட்டு.

முதல் நாள் தனியார் நிலம். தலைக்குப் பல நூறு டாலர். இருட்டோடு எங்களை அழைத்துப் போன கைடு முப்பது வயதுப் பையன், நெல் விவசாயி வீட்டுப் பிள்ளை. வரப்பைத் தோண்டி நீளமான இரும்புப் பெட்டி ஒன்றைப் புதைத்திருந்தார்கள். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தால் கண் வரப்பு மட்டத்தில் நிற்கும், தலைக்கு மேல் வைக்கோல் போர்த்திய மூடி. கேஸ் ஹீட்டர் எரிந்தது. மூலையில் ஓர் அடுப்பு, அதில் பன்றிக்கறி பொரிந்துகொண்டிருந்தது. எங்களோடு டெக்சாஸ் வியாபாரிகள் சிலர், நனைந்த கருப்பு லாப்ரடார் ஒன்று.

கைடு ஒரு மரக்குழலை வாயில் வைத்தார். தூரத்தில் போன கூட்டத்தை முதலில் உரக்க அதட்டினார். அது திரும்பியதும் குரலைத் தாழ்த்தி, மேய்கிற வாத்துகளின் முணுமுணுப்புக்கு மாறினார். அவர் சொல்லும்வரை யாரும் எழக் கூடாது. சொன்னார், எழுந்தார்கள், சுட்டார்கள், நாய் ஓடியது. இதே வரிசை திரும்பத் திரும்ப. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு வாத்து. அதில் பச்சைத் தலை மல்லார்ட் இனம் நாலுக்கு மேல் கூடாது, அந்த நாலில் பெட்டை இரண்டுக்கு மேல் கூடாது. காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் கணக்கு முடிந்துவிட்டது. டெக்சாஸ்காரர் ஒருவர் செல்போனில் சரக்கு விலை பேச ஆரம்பித்தார்.

எனக்கு அலுத்துப்போனது. இருக்கை, சூடு, நாய், குரல் எல்லாமே கட்டணத்தில் அடக்கம். பிற்பகலில் பாசனத் தேக்கம் ஒன்றில் மீன் பிடித்தோம். நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போவதால் விவசாயிகள் தாங்களே வெட்டிக்கொண்ட ஏரி அது. பட்ட மரங்களுக்கிடையே படகை நிறுத்திக் கிராப்பி மீன் பிடித்தது சுகமாகத்தான் இருந்தது, அவ்வளவுதான்.

மனசு மாற ஆரம்பித்தது ஒரு வாத்தின் தொண்டையைப் பார்த்தபோது. கைடு அதன் இரைக்குழலைக் கத்தியால் கீறிக் காட்டினார். உமி நீங்காத நெல், ஊறிப் பருத்து, ஒரு பிடி. அறுவடை இயந்திரம் சிந்தியதை அது பொறுக்கித் தின்றிருக்கிறது. "இதுக்காகத்தான் தண்ணீர் கட்டறோம்" என்றார். அந்த வாத்து எந்த ஓட்டலிலும் கிடைக்காது என்று சேர்த்துக்கொண்டார். ஒரு காலத்தில் பீப்பாய் பீப்பாயாக நகரத்து ஓட்டல்களுக்கு அனுப்பி அழித்திருக்கிறார்கள். 1918-ல் வந்த வலசைப் பறவைச் சட்டத்துக்குப் பிறகு காட்டு வாத்தை விற்பது குற்றம். சுட்டவர் தின்னலாம், யாருக்காவது சும்மா கொடுக்கலாம். அன்றைய ஏற்பாட்டில் விலை இல்லாமல் இருந்த ஒரே பொருள் வாத்துதான்.

மறுநாள் கைடுக்கு விடுமுறை. விடுமுறையிலும் அவர் வாத்துக்குத்தான் போகிறார், ஆனால் பொது நிலத்துக்கு. பேயூ மீட்டோ என்ற அந்தக் காடு 33,000 ஏக்கருக்கு மேல். 1948-லிருந்து மாநில வேட்டை, மீன்வளத் துறை வாங்கிச் சேர்த்தது. அத்தானோடு இருந்த பழைய பழக்கத்தில் எங்களையும் கூப்பிட்டார். வண்டி ஊரைத் தாண்டியதும் அத்தான் இரண்டு நோட்டுகளை மடித்து, காபிக் கோப்பை வைக்கும் குழியில் செருகினார். "டீசலுக்கு" என்றார்.

கைடு வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினார். காது சிவந்துவிட்டது. "இதை எடுத்துக்கோங்க. இல்லேன்னா இங்கேயே இறங்கிக்கோங்க."

அத்தானுக்குச் சுருக்கென்றது. டீசலுக்குத்தானே என்று இவர், எதற்கானாலும் காசு காசுதான் என்று அவர், கண்ணாடி மூடிய வண்டிக்குள் குரல் ஏறியது. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மாநிலத்தின் அந்தக் காடுகளில் கூலி வாங்கிக்கொண்டு வாத்து வேட்டைக்கு வழிகாட்டுவது சட்ட விரோதம். அதிகாரி நிறுத்திக் கேட்டு, நாங்கள் யாராவது காசு கொடுத்ததாக உளறிவிட்டால், அவர் பிழைப்பே போய்விடும். ஊரில் நமக்கு உதவியவர் பையில் நோட்டைத் திணிப்பது பிரியம், அவர் மறுப்பது மரியாதை, நாம் மறுபடி திணிப்பது அதைவிட மரியாதை. அந்த ஆட்டம் இங்கே செல்லவில்லை. "காசு குடுத்தா கோவிச்சுக்கற ஆளை இப்பத்தான் மாப்ள பாக்கறேன்" என்று தமிழில் என்னிடம் முனகிவிட்டு, அவரிடம் வேறு என்னதான் செய்வது என்று கேட்டார்.

"சமைச்சுப் போடுங்க."

அதிகாலை 4 மணிக்கு முன் படகு காட்டுக்குள் நுழையக் கூடாது. ஆகவே எல்லோரும் படகுத் துறையில் கூடி நிற்கிறார்கள், மணி அடித்ததும் பறக்கிறார்கள். நல்ல இடத்துக்கு முந்தியவன் ராஜா. நாங்கள் போன இடத்தில் ஏற்கெனவே இரண்டு தலைவிளக்குகள் ஆடின. திட்டிக்கொண்டே வேறு இடம் தேடினோம். துடையளவு நீரில் கருவாலி மரங்கள் நிற்கின்றன, அவற்றின் கொட்டை வாத்துக்கு உயிர். மரம் இலையுதிர்த்து உறங்குமுன் தண்ணீர் கட்டினால் வேர் கெடும். அப்படிக் கட்டிக் கட்டி நிறைய மரம் செத்துவிட்டதால் இப்போது துறை தாமதமாகத்தான் தண்ணீர் விடுகிறது. அதைத் திட்டாத வேட்டைக்காரனை அந்தப் படகுத் துறையில் காணவில்லை. எங்கள் கைடும் திட்டினார். நான் துறையின் கட்சி.

இங்கே பெட்டி இல்லை, ஹீட்டர் இல்லை. மரத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை மேலே தூக்காமல் நிற்க வேண்டும். துப்பாக்கி இல்லாத எனக்கும் வேலை கொடுத்தார்கள்: காலால் தண்ணீரை உதை. அலை ஓடினால், கீழே வாத்து நீந்துவதாக மேலே போகிற கூட்டம் நம்புமாம். உதைத்தேன். கால் மரத்துப்போகும்வரை உதைத்தேன். தலைக்கு மேலே வட்டமடித்த கூட்டம் சட்டென்று கிளைகளுக்கிடையே இறக்கையை மடக்கி, உலுக்கிய புளியம்பழமாக உதிர்ந்தது. எனக்கு ஒரு கை தூரத்தில் ஒன்று இறங்கி, ஆரஞ்சுக் காலை நீட்டித் தண்ணீரைக் கிழித்தது. 'வந்துவிட்டது!' என்று கத்த இருந்தவனை வெடிச் சத்தம் அடக்கியது. முந்தின நாள் இரும்புப் பெட்டியில் நியாயம் பேசியவன் நான்தானா என்று யோசிக்கவே நேரமில்லை, அடுத்த கூட்டத்துக்காக மறுபடி உதைத்துக்கொண்டிருந்தேன்.

நண்பகலோடு அங்கே சுடுவதை நிறுத்திவிட வேண்டும். முந்தின நாள் கணக்கில் பாதிகூடத் தேறவில்லை. கைடு என்னவோ முந்தின நாளைவிட இரண்டு மடங்கு சந்தோஷமாக இருந்தார்.

அன்று இரவு அவருடைய அம்மா வீட்டு அடுப்பை அத்தான் பிடித்துக்கொண்டார். மிளகும் சோம்பும் வண்டியிலேயே இருந்தன, அவர் அவை இல்லாமல் நகர மாட்டார். அந்த வீட்டில் வாத்து என்றால் நெஞ்சுக்கறியைப் பன்றிக்கறியில் சுற்றிச் சுடுவதுதான். இவர் எலும்போடு வெட்டி, வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, நெடுநேரம் வேகவிட்டார். ஈரல் வாடையுள்ள, கறுத்த இறைச்சி. நாட்டுக்கோழியின் நார் அதில் இல்லை. அந்த அம்மா முதல் வாயில் இருமினார், தண்ணீர் குடித்தார், இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். கைடின் தட்டில் 'டங்' என்று ஒரு குண்டுமணி விழுந்தது. ஈயக் குண்டைப் பறவைகள் விழுங்கிச் சாவதால் 1991-லிருந்து வாத்து வேட்டையில் நாடு முழுக்க அது தடை, இப்போது பெரும்பாலும் எஃகுக் குண்டுதான். பல் தப்பியதே என்று சிரித்தார்.

வேட்டைக்காரன் வாங்கியாக வேண்டிய கூட்டரசு வாத்து முத்திரையையும் அங்கேதான் பார்த்தேன். 1934-ல் ஒரு டாலருக்கு வந்த முதல் முத்திரையை வரைந்தவர் டிங் டார்லிங், ஓர் அரசியல் கார்ட்டூனிஸ்ட். இப்போது 25 டாலர். வசூலாவதில் பெரும்பகுதி சதுப்பு நிலம் வாங்கப் போகிறது. சுடாதவர்களும் வாங்கலாம் என்றார்கள். வாங்கினேன்.

கிளம்பும்போது கைடு இரண்டு வாத்துகளைக் கொடுத்தார். முழுக்கப் பறித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு இறக்கையை மட்டும் விட்டிருந்தார். வழியில் அதிகாரி பார்த்தால் என்ன இனம் என்று தெரிய வேண்டும், அது சட்டம். பிறகு உட்கார்ந்து ஒரு சீட்டு எழுதினார்: தன் பெயர், முகவரி, சுட்ட தேதி, என்ன வாத்து, எத்தனை, கீழே கையெழுத்து. அதை நூலால் காலில் கட்டினார்.

லிட்டில் ராக் வந்து பையைத் திறந்ததும் அக்கா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடா இது, டெத் சர்டிபிகேட்டோட வந்திருக்கு? இதை நான் ஃப்ரிட்ஜ்ல வைக்கிறதா, ஃபைல் பண்றதா?"