ஹம்பிக்குப் போறீங்களா? சின்ன ஃபிலிமா, பெரிய ஃபிலிமா?

'செல்போன் வேணாம், இந்தத் தடவை ஃபிலிம்லதான் எடுக்கிறோம்!' செமஸ்டர் லீவுக்கு ஹம்பி கிளம்புற கேங்ல இப்படி ஒரு முடிவு எடுத்தாச்சுன்னா, அடுத்து பட்டிமன்றம்தான். மாமா வீட்டு பீரோவில் தூங்குற 35 எம்.எம். கேமராவா? யார்கிட்டயாவது கடன் வாங்கி மீடியம் ஃபார்மட்டா?

முதல்ல கணக்கைப் பார்த்துடுவோம். 35 எம்.எம். ஃபிலிமில் ஒரு ஃப்ரேம் 24-க்கு 36 மில்லிமீட்டர். ஒரு ரோலுக்கு 36 படம். மீடியம் ஃபார்மட்டுக்கு 120 ரோல் போடணும். சதுரமாக எடுக்கும் 6-க்கு 6 கேமராவில் 12 படத்தோடு ரோல் காலி. ஆனா, நெகட்டிவ் பரப்பளவில் மூன்றரை மடங்குக்கும் மேல பெரிசு. பெரிய பிரின்ட் போட்டாலும் கல்லோட சொரசொரப்பு வரைக்கும் பளிச்!

அப்போ பெரிசுதானே பெஸ்ட்? அதுக்கு ஹம்பியிலேயே சாட்சி இருக்கு. 1856-ல் சென்னைப் படையில் இருந்த அலெக்சாண்டர் கிரீன்லா என்ற அதிகாரி, மெழுகு ஏற்றிய பெரிய காகித நெகட்டிவ்களில் இந்த இடிபாடுகளைப் படம் எடுத்தார். 50 ரூபாய் நோட்டில் இருக்கே, விட்டலர் கோயில் கல்தேர்... அது தலையில் அப்போ ஒரு செங்கல் கோபுரம் இருந்தது. இன்னிக்கு அது இல்லை. இருந்ததுக்கு ஆதாரமா அவர் படம் இருக்கு. 1983-ல் ஆஸ்திரேலிய போட்டோகிராபர் ஜான் காலிங்ஸ், கிரீன்லா நின்ன இடங்களைத் தேடிப் பிடிச்சு மறுபடி எடுத்தார். ரெண்டையும் பக்கத்துல வெச்சா, எது நிக்குது, எது போச்சுன்னு புரியும். கல்லைப் பதிவு செய்ய பெரிய நெகட்டிவை அடிச்சுக்க ஆளில்லை.

ஆனா, ஹம்பி வெறும் கல் இல்லையே! விருபாட்சர் கோயில் முன்னாடி நீளமா ஒரு தேர்வீதி. அதன் கல் மண்டபங்களில் கடை வெச்சு, குடித்தனம் நடத்தி, குடும்பங்கள் வாழ்ந்தன. ஆக்கிரமிப்புன்னு சொல்லி 2011 ஜூலையில் அவங்களை அப்புறப்படுத்தினாங்க. மண்டபம் இருக்கு, மனுஷங்க இல்லை. டீ ஆத்தின கையை, வாசல்ல கோலம் போட்ட பெண்ணை ட்ரைபாடு நிறுத்தி எடுக்க முடியுமா? 1925-ல் லைக்கா வந்தப்போ சின்ன ஃபிலிமுக்குக் கிடைச்ச மவுசே அதுக்குத்தான். சட்டுனு எடு, சட்டுனு கிளிக் பண்ணு!

நடைமுறையையும் யோசிங்க. சூரிய உதயம் பார்க்க மாதங்க மலையில் இருட்டிலேயே ஏறணும். ஒவ்வொரு கிலோவும் முதுகுல தெரியும். தொல்லியல் துறை நினைவுச்சின்னங்களில் ட்ரைபாடுக்கு முன்அனுமதி வேணும். குனிஞ்சு பார்த்து எடுக்கும் ரெட்டை லென்ஸ் கேமராவில் இடம் வலமா மாறித் தெரியும். துங்கபத்திரையில் சுத்துற பரிசலைத் துரத்துறதுக்குள்ள பரிசல் கரை சேர்ந்துடும்!

அதனால தீர்ப்பு இதுதான்: ரெண்டையும் தூக்காதீங்க. ரெண்டு இருந்தா, எதுல எடுக்கலாம்னு யோசிக்கிறதுலயே பொழுது போயிடும். முதல் பயணத்துக்கு 35 எம்.எம். போதும். ஒரே ஒரு 50 எம்.எம். லென்ஸ், வெயிலுக்கு 100 ஐ.எஸ்.ஓ., மண்டப நிழலுக்கு 400. ஊர் பழகின பிறகு, ரெண்டாவது தடவை 120-ஐ எடுத்துக்கிட்டு, ஒரு நாள் முழுக்க ஒரே கோயில்ல உட்காருங்க.

முக்கியமா ஒண்ணு... யாரைப் படம் எடுத்தாலும் கேட்டுட்டு எடுங்க, அட்ரஸ் வாங்கிட்டு வாங்க. ஊர் திரும்பினதும் ஒரு பிரின்ட் போட்டு தபால்ல அனுப்புங்க பாஸ். தேர்வீதியில் வீடு இருந்ததுக்கு, இன்னிக்கு யார் வீட்டுச் சுவரிலோ தொங்குற ஒரு போட்டோதானே அடையாளம்!