கண்ணாடியும் கண்களும்

கண்ணாடி என்னும் ஒரு சொல்லால் நாம் மூன்று பொருள்களைச் சுட்டுகின்றோம். பலகணியில் பொருத்தும் தகடும் கண்ணாடி. முகம் பார்க்கும் ஆடியும் கண்ணாடி. பார்வை குன்றியோர் மூக்கின்மேல் அணிவதும் கண்ணாடி. இப்பெயர் ஒற்றுமை எத்துணைப் பொருத்தமுடையது என்பதை நிழற்படம் பிடிப்போர் நன்கறிவர். மூக்குக்கண்ணாடி ஊடுருவிப் பார்ப்பதற்கென அமைந்ததாயினும், படக்கருவியின் முன் அது முகம் பார்க்கும் ஆடியாகி விடுகின்றது. தனக்கு முன்னுள்ள வானையும் விளக்கையும் காட்டித் தனக்குப் பின்னுள்ள கண்களை மறைத்து விடுகின்றது.

விழா மலர்களுக்கு அழகு தருவன முன்னோரின் படங்கள். அம்முன்னோருள் கண்ணாடி அணிந்தார் பலர். படத்தைப் பார்க்கும் பழைய மாணவர், தம்மைக் கண்டித்தும் கனிந்தும் நோக்கிய அக்கண்களையே முதலில் தேடுவர். அங்கே இரு வெள்ளை வட்டங்கள் மட்டும் தோன்றுமாயின் ஏமாற்றமே எஞ்சும். ஆதலின் இக்கண்கூச்சத்தை நீக்கும் வழி யாது என்பது சிறு வினாவன்று.

பூச்சில்லாத கண்ணாடி, தன்மேல் நேரே விழும் ஒளியில் பக்கத்துக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பி விடும். இரு பக்கமும் சேர்ந்தால் 8 பங்காகும். இது சிறிதே எனலாம். ஆயினும் புருவத்தின் நிழலில் இருக்கும் கண்ணைவிட வெயிலில் மின்னும் நீர்ப்பரப்புப் பன்மடங்கு ஒளியுடையது. அதன் சிறு பங்கே கண்ணை மறைக்கப் போதும். இதனைத் தணிக்கும் மென்பூச்சு 1935ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் சுமாகுலா என்பவரால் கண்டறியப்பட்டது. இன்று மூக்குக்கண்ணாடிகளிலும் அத்தகைய பூச்சு இடப்படுகின்றது. நல்ல பூச்சுடைய கண்ணாடியில் வெண்மை குன்றி, மெல்லிய பச்சையோ நீலமோ மட்டும் தோன்றும்.

பூச்சில்லாவிடத்துப் பயன்படுவது ஒளியின் பழைய விதியே. ஒளி எக்கோணத்தில் விழுகின்றதோ அக்கோணத்திலேயே திரும்பும். விளக்கைப் படக்கருவியின் அருகில் வைத்தால் ஒளி நேரே கருவிக்கே மீளும். பக்கவாட்டில் உயர்த்தி வைத்தால் வேறு திசையிற் செல்லும். முகவாயைச் சற்றே தாழ்த்துவதும், கண்ணாடியின் காதுப்பிடிகளைச் சிறிது மேலே தூக்கி வைப்பதும் நற்பயன் தரும். 1946இல் மார்கரெட் பேர்க்-வைற் எடுத்த, இராட்டைக்கு அப்பால் காந்தியடிகள் அமர்ந்து வாசிக்கும் புகழ்பெற்ற படத்தை நோக்குக. அடிகள் கண்ணாடி அணிந்தே இருக்கின்றார். ஆயினும் தலை கவிந்திருத்தலின் முகம் மறைந்திலது.

ஆனால் எவ்விதிக்கும் இடம் நோக்கிய திருத்தம் வேண்டும். முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குச் செல்லும் வீதி நாயாற்றைக் கடக்குமிடத்தில் நின்று பார்ப்போர் இதனை உணர்வர். கிழக்கே கடல், மேற்கே களப்பு. எப்புறம் திரும்பினும் நீரொளி முகத்தில் அடிக்கும். தலையைத் தாழ்த்தினாலோ வெண்மணல் கண்ணாடியில் ஏறும். அங்கே படம் எடுப்போர், அமர்ந்திருப்பவர் முன் மணல்மேல் கருந்துணி ஒன்றை விரிப்பாராயின் அவ்வெண்மை அடங்கும். மரநிழலிலோ தாழ்வாரத்திலோ இருத்தி, இருண்ட சுவரை எதிர்நோக்கச் செய்தல் அதனினும் நன்று.

இவையெல்லாம் இனி எடுக்கும் படங்களுக்கே ஆகும். எடுத்து முடிந்த படத்திற்கு என் செய்வது? நாயாற்றைச் சேர்ந்த குடும்பங்களுக்கு இவ்வினா மிக நெருக்கமானது. 1984ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வூரவர் இடம்பெயர்ந்தனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அக்கரையெங்கும் மோதியது. 2009 வரை நீடித்த போர் எஞ்சியவற்றையும் கொண்டு சென்றது. ஒரு குடும்பத்துக்கு ஒரு படம் மிஞ்சுவதே பெரும்பேறு.

நம்மிடம் தமிழ் பயின்ற ஒருவர் அத்தகைய படமொன்றைக் கொணர்ந்தார். அவருடைய பாட்டனாரின் படம் அது; இடப்பெயர்வுக்கு முன் நாயாற்றில் எடுக்கப்பெற்றது; வேற்றூர் உறவினர் வீட்டில் இருந்தமையால் தப்பியது. திவசத்தன்று வைத்து வணங்க வேறு படம் இல்லை. கண்ணாடி இரண்டிலும் வெண்மை. பேரனார் கணினியின் செயற்கை நுண்ணறிவிடம் அதனை ஒப்படைக்க, நொடிப்பொழுதில் ஒளிமிக்க இரு கண்கள் தோன்றின. எண்பதைக் கடந்த அப்பம்மா நெடுநேரம் நோக்கிவிட்டு, “இது அவருடைய கண் இல்லைத் தம்பி, அவருக்கு இடக்கண் இமை கொஞ்சம் சரிஞ்சிருக்கும்” என்றார்.

அம்மூதாட்டியார் சொன்னதே இத்துறையின் முழு உண்மையுமாகும். மெல்லிய மூட்டம்போற் படிந்த ஒளியின் கீழே கண்ணின் வடிவு பதிந்திருக்கும். அதனைக் கருமையூட்டித் தெளிவிக்கலாம். முற்றிலும் வெளுத்த இடத்திலோ யாதும் பதிந்திலது. இல்லாததை எவராலும் மீட்டல் இயலாது, வரையவே இயலும். முற்காலத்தில் எதிர்ப்படிவத்தைச் சுரண்டியும் பென்சிலால் தொட்டும் திருத்தியோர் செய்ததும் இதுவே. இன்றைய பொறி வரைவது பல முகங்களிற் கற்ற பொதுக்கண். ஒருவருக்கே உரிய கண்ணன்று.

பின்னர் அப்படத்தின் பிரதியைப் பெரிதாக்கி நாமும் அவரும் கூர்ந்து நோக்கினோம். வலக்கண்ணாடியின் வெண்மையை ஒரு கருங்கோடு பிளந்திருந்தது. அவருக்கு எதிரே நின்ற பனையின் பிம்பம் அது. பனை இருண்டதாகலின் அக்கோட்டளவில் ஒளி தடைப்பட, அதனூடே கண்மணியும் இமையோரமும் உண்மையாகவே தெரிந்தன. அவ்விடத்தையும் சூழ்ந்த மூட்டத்தையும் மட்டும் தெளிவித்து, இடக்கண்ணாடியின் வெண்மையை ஓரளவு மங்கச் செய்து விட்டுவிட்டோம். மூதாட்டியார் கண்ணைக் கண்டார். பனையையும் அடையாளங் கண்டார். “எங்கட முற்றத்துப் பனை” என்றார். அம்முற்றமும் பனையும் இன்று இல்லை. அவற்றின் உருவம் எஞ்சியிருப்பது நாம் அழிக்க முற்பட்ட அக்கூச்சத்தினுள்ளேயே!

ஆதலின் பழம்படங்களை வைத்திருக்கும் அன்பர்களிடம் நாம் வேண்டுவன சிலவே. திருத்தத்தைப் பிரதியிற் செய்க. மூலத்தைத் தொடாது காக்க. திருத்துமுன் பெரிதாக்கி, கண்ணாடியில் தோன்றுவது யாதென நோக்குக. மறைந்தவரை அறிந்த முதியோர் உளராயின் அவர்களிடம் காட்டி உறுதி பெறுக. பொறி வரைந்த கண்ணாயின் படத்தின் கீழ் அவ்வாறே எழுதுக. வெண்மை சிறிது எஞ்சினும் குற்றமில்லை. வருந்தலைமுறை தன் முன்னோரை நோக்குங்கால், குறைவாகவேனும் அவர்தம் கண்களையே காணல் வேண்டும்.