திண்ணைக்கு ஒரு கூரை

1991-ஆம் ஆண்டு எங்கள் வீட்டுத் திண்ணையை நாங்களே இடித்தோம். இடித்தவர்களுக்குக் கூலியும் நாங்களே கொடுத்தோம்.

காவிரிப் படுகையில் ஒரு சிற்றூர். கிழக்கு நோக்கிய ஓட்டு வீடு. வாசலின் இருபுறமும் இரண்டு திண்ணைகள். ஒன்றின் தலைமாட்டில் காரையால் கட்டிய திண்டு இருந்தது. பகலுணவுக்குப் பின் அப்பா அதில் தலைசாய்ப்பார். மாலையில் அவருடைய நண்பர்கள் இருவர் வந்து அமர்வர். நாங்கள் இரு சக்கர வண்டி வாங்கியிருந்தோம். அதை நிறுத்த இடம் வேண்டும். திருட்டு அச்சம் வேறு. திண்ணைகளை அகற்றி, முன்பக்க ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போட்டு, வாசல் நெடுக இரும்பு கிரில் அடித்துப் பூட்டும் தொங்கவிட்டோம்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கிரிலுக்கு உட்புறம் நாற்காலி போட்டு அமர்ந்தார். நண்பர்கள் சில நாள் வெளியே நின்றபடி பேசினர். நின்றுகொண்டே எவ்வளவு நேரம் பேச இயலும்? பின்னர் அவர்கள் வரவில்லை. 1997-இல் அப்பா மறைந்தார். அவருடைய கடைசி ஆறாண்டு மாலைப் பொழுதுகளை நாங்கள்தாம் பறித்தோம் என்பது எங்களுக்கு உறைக்க, அம்மாவுக்கு எண்பது வயது ஆக வேண்டியிருந்தது.

முழங்கால் வலியால் அம்மாவின் வெளிநடமாட்டம் நின்றுபோனது. கிரிலைப் பற்றிக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்பார். ஒருநாள் கம்பி இடுக்கின் வழியே கீரைக்காரப் பெண்ணிடம் காசை நீட்டினார். "பெரியம்மா, ஜெயில்ல மனு பாக்க வந்த மாதிரியில்ல இருக்கு!" என்று அவள் சிரித்தாள். அம்மாவும் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

கிரிலுக்கும் தெருவுக்கும் இடையில் எங்கள் மனைக்கட்டில் ஒன்பதடி எஞ்சியிருந்தது. அங்கே கூரையிட்ட திண்ணை ஒன்று அமைப்பதென 2022-இல் முடிவு செய்தோம். மேஸ்திரி வந்து பார்த்தார். "நாலு இரும்புக் குழாய் நட்டு மேலே தகர ஷீட் போட்டா ரெண்டு நாள் வேலைங்க" என்றார். தகரத்தின் கீழ்ச் சித்திரை வெயிலில் யார் அமர்வது? மழை பெய்தாலோ பேச்சே கேளாது. சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, புதுச்சேரிக்குப் போய் வைசியாள் வீதியைப் பார்த்து வந்தோம். பழைய தமிழ் வீடுகளைப் பேணிச் சீரமைத்தமைக்காக 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது பெற்ற தெரு அது. தெருவோரம் மரத்தூண்கள் தாங்கிய தாழ்வாரம், அதனுள்ளே திண்ணை, அதற்கும் அப்பால் கதவு. தெருவிலிருந்து வருபவர் படிப்படியாகத்தான் வீட்டுக்குள் வருகிறார். எந்த இடத்திலும் நின்றுவிடலாம், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எங்கள் வாசலில் இருந்தவையோ உள், வெளி என்ற இரண்டே இடங்கள்.

கூரைக்குப் பொருள் கொல்லையிலேயே இருந்தது. 1991-இல் இறக்கிய சீமை ஓடுகள், மங்களூர் முத்திரையுடன், மதிலோரம் அடுக்கியபடியே கிடந்தன. மங்களூரில் பாசல் மிஷன் சபையார் 1865-இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பெருகியது இந்த ஓட்டு வாணிகம். எங்களுக்கு வேண்டியவை ஏறத்தாழ இருநூறு. முழுமையாக இருந்தவை அதற்குச் சற்றே மேல்.

ஏழடி அகலத்துக்குச் சாய்ப்பு இறக்கினோம். ஓட்டுக்கு 25 பாகையேனும் சரிவு வேண்டும். குறைந்தால் காற்றோடு வரும் மழை ஓட்டின் இடுக்கில் மேலேறிவிடும். ஏழடிக்கு மூன்றேகால் அடி இறக்கம். ஆகவே சுவரில் ஒன்பதே முக்கால் அடியில் தொடங்கிய கூரை, தெருப்பக்கம் ஆறரை அடியில் முடிந்தது. உயரமான உறவினர் சிலர் குனிந்துதான் வருகிறார்கள். எங்களுக்கு அது குறையாகத் தோன்றவில்லை; வடகிழக்குப் பருவமழை நேர் எதிரே வந்து அடிக்கும் வாசலுக்குத் தாழ்ந்த இறவாரமே காவல்.

தளத்தை வீட்டுத் தரையைவிட அரை அங்குலம் மட்டும் தாழ்த்தி, தெருப்பக்கமாக வாட்டம் கொடுத்தோம். அம்மாவின் கால் தடுக்கக்கூடாது. திண்ணையின் உயரம் 18 அங்குலம், அகலம் மூன்றடி, தலைமாட்டில் திண்டு. எங்கள் பகுதிக் களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்குவது. ஆதலால் புது அஸ்திவாரத்தைப் பழைய சுவரோடு பிணைக்காமல் இடைவெளி விட்டுக் கட்டுமாறு மேஸ்திரி சொன்னார். அதைக் கேட்டோம். கூரை சுவரைத் தொடும் இடத்தில் காடி வெட்டித் தகரப் பட்டை செருக வேண்டும் என்றும் அவர் சொன்னார். அதை மட்டும் கேட்கவில்லை. செலவு மிஞ்சிவிட்டது, சிமென்ட் பூசினால் போதும் என்றோம். கார்த்திகை மழையில் பூச்சு விரிந்து, சுவரோரமாக நீர் இறங்கித் திண்டின்மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. தை மாதம் காடி வெட்டினோம். இருமுறை கூலி.

கிரில் பற்றிய வழக்குத்தான் நெடுநாள் நடந்தது. புதுத் திண்ணைக்கும் வெளியே இன்னொரு கிரில் வேண்டும் என்றான் எங்கள் மகன். ஒருநாள் காலை திண்ணையில் காலி மதுப்புட்டி ஒன்று கிடக்கவே, அவன் பேச்சுக்கு வலுக் கூடியது. எங்களுக்கும் உள்ளூர அச்சந்தான். அம்மா புட்டியை எடுத்து ஓரமாக வைத்தார். "புட்டியை வச்சுட்டுத்தானே போனான், வீட்டையா தூக்கிட்டுப் போனான்? ஒரு விளக்கைப் போடுங்கப்பா" என்றார். விளக்கு போட்டோம். புட்டி பிறகு இருமுறை கிடந்தது. கிரில் போடவில்லை.

கீரைக்காரப் பெண் இப்போது கூடையை இறக்கிவைத்து அமர்ந்துதான் கணக்குப் பார்க்கிறாள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் மழைக்கு ஒதுங்குகிறார்கள். செருப்புச் சேற்றை அம்மாவே கழுவுகிறார், எங்களைக் கழுவவிடுவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு மாலை, அப்பாவின் நண்பர்களில் எஞ்சியிருப்பவர் பேரனின் தோளைப் பற்றியபடி அவ்வழியே வந்தார். தொண்ணூறை நெருங்கும் வயது. எங்களை எதுவும் கேளாமல், திண்டு இருந்த பக்கமாகப் போய் அமர்ந்து அதைக் கையால் தடவிப் பார்த்தார்.

"பழைய திண்ணை இதைவிட உசரம்" என்றார்.

"ஆமாம் மாமா, அம்மாவுக்காகக் குறைத்தோம்" என்றோம்.

"எனக்கும் இதுதான் சௌகரியம்" என்றவர், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேலே மடக்கி வைத்துக்கொண்டார். அம்மா உள்ளே திரும்பி, காப்பி போடச் சொன்னார்.