அஞ்சறைப் பெட்டியில் பத்துச் சாவிகள்

காஞ்சிபுரத்தில் அக்கா வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சண்டை கேட்டது.

"முகூர்த்த நாளாய் வருகிற சமயத்தில், 'உங்களிடம் இருக்கிற சாவி இனிச் செல்லாது' என்று எழுதப் போகிறானாம் இவன்! ஊரில் எவனாவது தன் கடையைத் தானே இப்படிச் சந்தேகப்பட வைப்பானா? நீயே கேளடி!" என்றாள் அக்கா.

பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீட்டில் இன்னும் இரண்டு தறி ஓடுகிறது. நெய்கிற புடைவையை வெளியூருக்கு விற்க அக்கா மகன் ஒரு இணையக் கடை போட்டிருக்கிறான். வாங்குகிறவர்களுக்குக் கணக்கு, பாஸ்வேர்ட், அதற்கு மேல் செல்போனில் வரும் ஒரு எண். போன் தொலைந்துவிட்டால்? அதற்காக முதலிலேயே பத்து மீட்பு எண்கள் கொடுத்துவிடுவான். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் திறக்கும்.

இந்த எண்களின் அருமை எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் என் போன் வாளித் தண்ணீரில் விழுந்து உயிரை விட்டது. என் மின்னஞ்சலுக்கான மீட்பு எண்களைப் பத்திரமாகப் படம் பிடித்து வைத்திருந்தேன். எங்கே என்கிறீர்களா? அதே போனில்தான்! அப்பா கடைசி வருஷத்தில் எனக்கு எழுதியதெல்லாம் அந்தக் கணக்கில் இருக்கிறது. இன்றுவரை திறக்கவில்லை.

ஆகவே நான் அக்கா கட்சியில் சேரத்தான் நினைத்தேன். பையன் விஷயத்தைச் சொன்ன பிறகு வாய் அடைத்துவிட்டது.

ஆரம்பத்தில் அவசரமாகச் செய்த வேலையாம். ஒருவருடைய பத்து எண்களையும் காற்புள்ளி போட்டு ஒரே வரியில், எழுதியது எழுதியபடியே சர்வரில் வைத்திருந்தான். அதை யார் பார்த்தாலும் எவருடைய கணக்கையும் மீட்டுக்கொள்ளலாம்! 2009-ல் அமெரிக்காவில் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் திருட்டுப் போனபோது, அவையும் இப்படித்தான் அப்பட்டமாகக் கிடந்தன. இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒரே எண்ணை ஒரே நொடியில் இரண்டு இடத்திலிருந்து போட்டால், முதல் ஆளுக்காக அதை அடிப்பதற்குள் இரண்டாவது ஆளும் உள்ளே வந்துவிடுவான்.

இப்போது எண்ணுக்கு ஒரு வரி என்று பிரித்திருக்கிறான். எண்ணை அப்படியே வைப்பதில்லை. ஹாஷ் என்று ஒரு கணக்கில் அரைத்த மாவைத்தான் வைக்கிறான். மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியுமா? ஆனால் அதே அரிசியை மறுபடி அரைத்தால் அதே மாவு வரும். வாடிக்கையாளர் தரும் எண்ணை அரைத்து, மாவோடு மாவைச் சேர்த்துப் பார்ப்பதுதான் சோதனை. சரியாக இருந்தால், பார்த்த அதே வீச்சில் 'செலவாகிவிட்டது' என்று குறித்துவிடும்.

அரைக்கும்போது ஒவ்வொரு எண்ணோடும் வேறு வேறு உப்புப் போட வேண்டுமாம். நிஜமாகவே அந்தத் துறையில் அதற்கு உப்பு என்றுதான் பெயர்! பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸும் கென் தாம்ஸனும் 1979-ல் இதை எழுதினார்கள். அதே 1979-ல்தான் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளினார், பிறகு 2019-ல். இரண்டுக்கும் சம்பந்தமில்லைதான். காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து கேட்டதால் தோன்றியது.

எட்டு இலக்க எண் என்றால் மொத்தமே பத்துக் கோடிதான். யந்திரம் எல்லாவற்றையும் அரைத்துப் பார்த்துவிடும். அதனால் எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக்கியிருக்கிறான். அரைவையையும் வேண்டுமென்றே மெதுவாக்கியிருக்கிறான். தப்பாகப் போட்டுக்கொண்டே இருந்தால் கதவு சற்று நேரம் மூடிக்கொள்ளும்.

"பழைய எண்களையே அரைத்து வைத்துவிடேன். யாருக்கும் தெரிய வேண்டாமே!" என்றேன்.

"நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், சித்தி. ஆனால் போன வருஷம் வேலையை விட்டுப் போனவரிடம் பழைய கணக்கு முழுவதும் ஒரு பிரதி இருந்தது. அவர் நல்லவர்தான். அந்தப் பிரதி இப்போது எங்கே இருக்கிறதென்று அவருக்கே தெரியவில்லை."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. தறிப் பக்கம் போய், பாவில் அறுந்திருந்த ஓர் இழையை முடிந்துவிட்டு வந்தாள்.

"சரி, எழுது. ஆனால் 'தொழில்நுட்பக் காரணம்' என்றெல்லாம் பூசி மெழுகாதே. நம் கவனக்குறைவு என்றே போடு. வயசானவர்களுக்கு நானே போன் பண்ணிச் சொல்கிறேன்" என்றாள்.

கடிதத்தில் பாதி வாக்கியம் அவள் சொன்னதுதான். மறுநாள் மூன்று பேர் கோபித்துக்கொண்டார்கள். ஒரு பாட்டி சிங்கப்பூரிலிருந்து, புது எண்களை எங்கே எழுதி வைப்பதென்று அரைமணி நேரம் யோசனை கேட்டார்.

அக்கா தன் எண்களை வைத்திருந்தது அஞ்சறைப் பெட்டியில், மிளகாய்க்கும் கடுகுக்கும் அடியில். மஞ்சள் ஏறிய அந்தச் சீட்டை அடுப்பில் போட்டுவிட்டு, காலண்டர் தாளின் பின்புறம் புதிதாக எழுத உட்கார்ந்தாள்.

"ஏண்டா, இது பூஜ்யமா, இங்கிலீஷ் 'ஓ'வா?"

"அது 'டி'ம்மா. குழப்பம் வருமென்று அந்த இரண்டையும் நான் சேர்க்கவே இல்லை."

அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போனாள்.