கேட்கப்படாத பக்கம்

மன்ற மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, பழைய இசைத்தட்டுகளைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று துணிந்து சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் என் குற்றம் ஒன்றையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது தெரிந்தது. நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஆராய்ச்சி மாணவனாக இந்நகருக்கு வந்தவன் நான். 2001 முதல் கொல்கத்தா என்று எழுதுகிறோம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நாவில் இன்றும் கல்கத்தாதான். விடுதியில் எனக்கு வாய்த்த அறைத்தோழர் வங்காளி. என்னைவிட நான்கு வயது மூத்தவர். அவரை எல்லாரும் 'தாதா' என்று அழைக்கக் கேட்டு முதல் நாள் சற்றே நடுங்கினேன். இங்கே அச்சொல்லுக்கு அண்ணன் என்று பொருள். நம் திரைப்படங்கள் அதற்கு வேறு பொருள் கற்பித்து வைத்திருக்கின்றன!

வீட்டு நினைவு வந்தால் லேக் மார்க்கெட் பக்கம் போய் இட்லி சாப்பிட்டு வருவது என் வழக்கம். தாதாவுக்கு மனம் கனத்தால் அவர் போகும் இடம் வேறு. மிர்சா காலிப் தெரு என்று பெயர் மாறிய பின்னும் ஃப்ரீ ஸ்கூல் தெரு என்றே மக்கள் அழைக்கும் தெருவில், பழைய இசைத்தட்டு விற்கும் கடைகள் சில உண்டு. ஒருநாள் என்னையும் அங்கே அழைத்துச் சென்றார்.

இசைத்தட்டுக்கும் இந்நகருக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1902-ஆம் ஆண்டு கிராமஃபோன் கம்பெனியின் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் லண்டனிலிருந்து கருவிகளோடு கல்கத்தாவுக்கு வந்தார். கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். தட்டுகளை அச்சிடும் வேலை அந்நாளில் ஜெர்மனியில் நடந்தது. அங்கே உள்ளவர்கள் இன்னார் குரல் என்று அறிய வேண்டாமா? அதற்காகப் பாட்டின் முடிவில் அந்த அம்மையார் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்வாராம். 1908-இல் சியால்தாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை ஏற்பட்டது. பின்னர் டம்டம்முக்கு மாறிற்று. இவற்றையெல்லாம் தாதா நடந்துகொண்டே சொல்லி வந்தார்.

அன்று அவர் தேடியது ஒரு சிறிய தட்டு. அது கிடைக்கவில்லை. அது வந்து பல ஆண்டுகள் ஆகின்றன என்று கடைக்காரர் தலையசைத்தார். அதற்கு மாற்றாக ஒரு கேசட்டை எடுத்துக் கொடுத்தார். அதைக் கேட்பதற்கு எங்களிடம் கருவி இல்லை. சாந்தினிச் சந்தையில், பழுது பார்த்த கேசட் பெட்டி ஒன்றை இருவரும் பாதிப் பாதி பணம் போட்டு வாங்கினோம். அன்றிரவு விடுதி அறையில் 'மொஹினேர் கோராகுலி' என்ற இசைக்குழுவின் பெயரை முதன்முதலாகக் கேட்டேன்.

'மொஹினின் குதிரைகள்' என்பது அப்பெயரின் பொருள். ஜீவனானந்த தாஸ் 'குதிரை' என்னும் தலைப்பில் எழுதிய கவிதையிலிருந்து எடுத்த தொடர் அது. கௌதம் சட்டோபாத்யாய் என்பவரும் அவருடைய தம்பிமாரும் நண்பர்களுமாக எழுவர், 1970-களின் நடுவில் இக்குழுவைத் தொடங்கினர். கௌதம் நக்சல் இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்று மீண்டவர். கிதார், வயலின், சாக்சஃபோன் ஆகியவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, பாவுல் பாடகரின் கிராமத்து மெட்டையும் மேனாட்டு ராக் இசையையும் ஒன்றாய் இழைத்தனர். காதலையும் கடவுளையும் மட்டும் பாடாமல், நகரத்தின் புழுதியையும், வேலை இல்லாத இளைஞனின் மாலைப் பொழுதையும் பாட்டுக்குப் பொருளாக்கினர். இந்தியாவின் தொடக்ககால ராக் குழுக்களுள் ஒன்று என்று இன்று அதைக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் அன்று என்ன நடந்தது? 1977-இல் 'கலங்கிய பறவைகளும் கல்கத்தாவும் குறித்து' என்று பொருள்படும் தலைப்பில் முதல் தட்டு வந்தது. 1978-இல் ஒன்று, 1979-இல் ஒன்று வந்தன. மூன்றையும் சேர்த்தாலும் பத்துப் பாட்டுத் தேறாது. ரவீந்திர சங்கீதத்திலும் நஸ்ருல் கீதத்திலும் பழகிய காதுகள், இது என்ன கூச்சல் என்று திரும்பிக்கொண்டன. 1981-இல் குழு கலைந்தது. அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள்.

வியப்பு அதன் பிறகுதான். அத்தட்டுகளை வைத்திருந்த சிலர் தம்பிமாருக்குப் போட்டுக் காட்டினர். தம்பிமார் விடுதிகளில் பாடினர். 1992-இல் சுமன் சட்டோபாத்யாய் 'தொமாகே சாய்' என்ற தொகுப்பை வெளியிட்டு, புதிய பாட்டுக்கு வங்காளியின் செவியைத் திறந்துவிட்டார். 1995-இல் கல்கத்தா புத்தகக் கண்காட்சியில் கௌதம், 'மீண்டும் இருபது ஆண்டுகளுக்குப் பின்' என்று பொருள்படும் பெயரில், இளைஞர்களையும் சேர்த்துப் பாடவைத்து ஒரு கேசட் வெளியிட்டார். நாங்கள் வாங்கியது அதுதான். அடுத்து மூன்று தொகுப்புகள் வந்தன. 1999-இல் கௌதம் மறைந்தார். 2006-இல் 'கேங்ஸ்டர்' என்ற இந்திப் படத்தில், அந்த 1995 கேசட்டிலிருந்த மெட்டு ஒன்று வேறு சொற்களோடு ஒலித்து நாடெங்கும் பரவிற்று. என் பள்ளிப் பருவத்தில் எங்கள் ஊர்ப் பேருந்திலும் அது ஒலித்தது. குதிரைகளின் பெயர் தெரியாமலே நானும் அதை முணுமுணுத்திருக்கிறேன்!

"பாட்டு மாறவில்லை, காதுதான் மாறிற்று" என்றார் தாதா. பிறகு பாவுல்களைப் பற்றிப் பேசினார். பாப் டிலன் 1967-இல் வெளியிட்ட 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' தட்டின் உறையில், அவருக்கு இரு பக்கமும் நிற்பவர்கள் பூர்ண தாஸ், லட்சுமண் தாஸ் என்னும் வங்காளத்துப் பாவுல் உடன்பிறப்புகள் என்று படத்தைக் காட்டினார். அந்தத் தட்டை உலகம் முழுவதும் வாங்கினார்கள். உறையில் நிற்கும் அவ்விருவர் யார் என்று கேட்டவர்கள் எத்தனை பேரோ! அந்தப் பாவுல்கள் ஆண்டுதோறும் அஜய் ஆற்றங்கரையில் ஜயதேவ் கெந்துலி என்னும் ஊரில் கூடிப் பாடும் திருவிழா, பௌஷ சங்கராந்தியில் நடக்கிறது. அது நம் பொங்கல் நாளையொட்டி வருவது. இதைக் கேட்டு எனக்கு மகிழ்ச்சி பொங்கிற்று.

அந்த மகிழ்ச்சி நெடுநேரம் நிற்கவில்லை. "உங்கள் ஊரிலும் இப்படி இருக்குமே, எங்கே, ஒன்று போடு" என்றார் தாதா.

நான் விழித்தேன். நம்மிடம் இல்லாமலா? மதுரைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களாக இருந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் இணையர் ஊர் ஊராய்ச் சென்று திரட்டிய பாட்டுகள் உண்டு. எங்கள் மாவட்டத்து மாரந்தையில் பிறந்து, பறையையும் நாட்டுப்பாட்டையும் மேடையேற்றி, 2016-இல் மறைந்த கே. ஏ. குணசேகரனின் பாட்டுகள் உண்டு. 1985-இல் 'ஆண்பாவம்' படத்தில் தோன்றிப் பாடிய கொல்லங்குடி கருப்பாயி எங்கள் ஊர்ப் பக்கத்தவர். பெயர்கள் தெரியும். ஆனால் அவர்களுடைய பாட்டு ஒன்றையேனும் முழுதாக உட்கார்ந்து கேட்டவனா நான்? இல்லை. "எங்களுக்குச் சினிமாப் பாட்டுத்தான் பழக்கம்" என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். உறக்கம் வரவில்லை. உறங்கவிடாமல் செய்தது வேறொரு கேசட்.

1999-இல் என் தந்தையார் அப்பத்தாவின் பாட்டுகளை ஒரு கேசட்டில் பதிவு செய்தார். நடவுப் பாட்டு, கும்மி, தாலாட்டு, தம் அண்ணன் இறந்தபோது பாடிய ஒப்பாரி என்று அறுபது நிமிடமும் நிறையப் பாடியிருந்தார் அப்பத்தா. கேசட்டின் மேல் விளிம்பில் இரு மூலைகளிலும் சிறு தடுப்பு இருக்கும். அதை ஒடித்துவிட்டால் மறுபடி பதிவு செய்ய முடியாது. அப்பா மறக்காமல் இரண்டையும் ஒடித்து வைத்தார். 2001-இல் அப்பத்தா காலமானார்.

2003-இல் எனக்கு வயது பத்து. கொடைக்கானல் பண்பலையில் வரும் திரைப்பாடல்களைப் பிடித்து வைக்க எனக்கு ஒரு கேசட் வேண்டியிருந்தது. ஒடித்த இடத்தில் செலோடேப் ஒட்டினால் பதிவு செய்யலாம் என்று பள்ளித் தோழன் ஒருவன் சொல்லிக் கொடுத்தான். ஒட்டினேன். முதல் பக்கம் முழுவதையும் நிரப்பினேன். மறுபக்கத்தைப் பதிவு செய்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. மறுநாள் அப்பா அதை எடுத்துப் போட்டார். அப்பத்தா குரலுக்குப் பதிலாகக் குத்துப்பாட்டு வந்தது. அடிப்பார் என்று கதவருகே நின்றேன். அவர் பெட்டியை அணைத்தார். செலோடேப்பை நகத்தால் உரித்தார். கேசட்டைப் பெட்டகத்துக்குள் வைத்தார். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பின்னும் பேசவில்லை. அந்த அடி விழுந்திருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும்.

சென்ற பூசை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, சாந்தினியில் வாங்கிய பெட்டியைத் தாதாவிடம் கேட்டு எடுத்துச் சென்றேன். பெட்டகத்தைத் திறந்து கேசட்டை எடுத்தேன். நாடா தளர்ந்திருந்தது; பென்சிலை விட்டுச் சுற்றி இறுக்கினேன். என் பாவத்தை முழுதாகக் கேட்டுவிடுவது என்ற எண்ணத்தோடு திண்ணையில் உட்கார்ந்தேன். முதல் பக்கம் முழுவதும் திரைப்பாடல். மறுபக்கமும் அவ்வாறே. ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம் ஓடியிருக்கும். ஒரு பாட்டு நடுவில் அறுந்தது, சிறிது இரைச்சல், பிறகு அப்பத்தா பாடினார்.

ஆம், நண்பர்களே! மின்சாரம் போன இடத்துக்கு அப்பால் நாடா அப்படியே இருந்தது. நாலரை நிமிடம். நடவுப் பாட்டின் பின்பாதி. நடுவில் ஓர் இருமல். எங்கோ ஒரு கோழி. பாட்டு முடிந்ததும் அப்பாவின் இளங்குரல், "இன்னொண்ணு பாடு ஆத்தா" என்கிறது. "போதும்டா, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்கிறார் அப்பத்தா. அவ்வளவுதான்.

அப்பா உள்ளேயிருந்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எல்லாம் அழிஞ்சு போச்சுன்னுல்ல நெனச்சிருந்தேன்" என்றார். அழிந்துவிட்டது என்று நம்பி, இருபது ஆண்டுக்கு மேலாக அவரும் கேட்கவில்லை. அஞ்சி நானும் கேட்கவில்லை. பெட்டகத்துக்குள் அப்பத்தா பாடத் தயாராகவே இருந்திருக்கிறார். மறுபடி போடச் சொல்லி அன்று அப்பா மூன்று முறை கேட்டார். அதன் பிறகு தோட்டத்துக்குப் போனவர், இருட்டிய பின்தான் திரும்பினார்.

அந்த நாலரை நிமிடத்தைக் கைப்பேசியில் பதிந்து, தாதாவுக்குப் போட்டுக் காட்டினேன். தமிழ் ஒரு சொல்லும் அறியாத அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "மாட்டுக்கு என்னவோ சொல்கிறாரே, அது என்ன?" என்றார். மாடு என்ற சொல்லை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். பின்னணியில் அது கத்துகிறதே என்றார். நான் அதைக் கவனிக்கவே இல்லை! அன்றிரவு மாற்றாக, மாரந்தைக்காரரின் பாட்டு ஒன்றை இருவரும் முழுதாகக் கேட்டோம்.

மறக்கப்பட்டது வேறு, கேட்கப்படாதது வேறு என்பதை இப்போது உணர்கிறேன். குதிரைகளின் பாட்டும் தொலையவில்லை. எங்கோ சில அலமாரிகளில் இருந்தது. எடுத்துப் போட்டுக் கடைசிவரை கேட்ட சிலரால்தான் அது மீண்டது. ஆனால் எல்லாவற்றுக்கும் அத்தகைய நற்பேறு வாய்ப்பதில்லை. என் அப்பத்தாவின் ஐம்பத்தைந்து நிமிடத்தை எந்த ஃப்ரீ ஸ்கூல் தெருவிலும் வாங்க முடியாது. அந்த ஒப்பாரி இனி இல்லை. அதை அழித்தவன் நான்.

ஆகவே மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விடுமுறைக்கு ஊர் போகிறீர்கள். அனைவர் கையிலும் பதிவு செய்யும் கருவி இருக்கிறது. வீட்டுப் பரணில் பழைய கேசட் இருந்தால் இரண்டு பக்கமும் கடைசிவரை ஓடவிட்டுக் கேளுங்கள். பாட்டியோ அத்தையோ பாடத் தெரிந்தவர் இருந்தால் பாடச் சொல்லுங்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வரும்வரை காத்திருங்கள். என் அப்பத்தாவின் நாலரை நிமிடத்தில் அவர் பெயர் இல்லை. அதனால் இதையும் கேட்டுக்கொள்கிறேன்: பாடி முடித்ததும், கௌஹர் ஜான் செய்தது போல, தம் பெயரையும் ஊரையும் அவர்களையே உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது ஆளுக்கொரு பாட்டுக் கொண்டுவாருங்கள். முதல் பாட்டாக என்னிடம் பாதிப் பாட்டு இருக்கிறது.